கற்பனை: சொல் விளக்கம்

ஓவியம் பழகும் இளைஞர்களிடம் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "சின்ன வயசுல இருந்த கற்பனையைத் தொலைச்சிடக் கூடாது." எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. ஆனால் தொலைக்கக் கூடாது என்கிறார்களே, அந்தக் கற்பனை என்பது எது? எங்கே இருந்தது அது? சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

கற்பனை, வடமொழியின் 'கல்பனா'விலிருந்து வந்த சொல். அதன் வேருக்கு ஒழுங்குபடுத்துதல், பொருத்துதல், ஆயத்தம் செய்தல் என்று பொருள். கல்லும் படியும் சேர்ந்தால் கற்படி, பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. லகர மெய்யை அடுத்துப் பகரம் வந்தால் றகரமாகத் திரிவது தமிழின் வழக்கம். அந்த வழக்கப்படியே 'சில்ப' சிற்பம் ஆனது, 'அல்ப' அற்பம் ஆனது, 'கல்பனா' கற்பனை ஆனது. நம் ஒலிக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்திவிட்டதால், 'கல்' என்ற கற்றல் வேரிலிருந்து பிறந்த சொல் என்றே பலர் நினைக்கிறார்கள். 'கற்பித்தல்' இரண்டு பொருளில் வழங்குவதும் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். பாடம் கற்பிப்பது வேறு, காரணம் கற்பிப்பது வேறு. இரண்டாவதுதான் பொருளில் கற்பனைக்கு உறவு.

வேரில் இருந்த 'ஒழுங்கு' இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. பழைய தமிழ் விவிலியத்தைப் படித்தவர்களுக்குக் கற்பனை என்றால் கட்டளை. 'பத்துக் கற்பனைகள்' என்பது பத்துக் கட்டளைகளைத்தான் குறிக்கும். கர்நாடக இசையில் கற்பனைசுரம் இருக்கிறது. பாடகர் அந்த நொடியில் தோன்றும் சுரங்களை அடுக்குகிறார். ஆனால் ராகத்தை விட்டு வெளியே போகாமல், தாளத்தில் சரியான இடத்துக்கு வந்து, எடுத்துக்கொண்ட பாட்டு வரியைப் பிடிக்கிறார். வானத்தில் மிதப்பதைக் கற்பனை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அந்தச் சொல் தன் வேரில் அடுக்குகிற வேலையைத்தான் சொல்கிறது.

இன்று கற்பனை என்று சொல்லும்போது நம் மனதில் ஓடும் பொருளில் இமேஜினேஷன் என்ற சொல்லின் சாயலும் நிறைய இருக்கிறது. அது உருவம், படிமம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் மனதில் ஒரு படம் தெரிய வேண்டும், அப்புறம் அதைக் காகிதத்தில் இறக்க வேண்டும் என்று பலர் நம்புவதற்கு இந்தச் சாயல்தான் காரணம் என்று நினைக்கிறேன். படம் தெரியாத நாளில் "எனக்குக் கற்பனை வறண்டுபோச்சு" என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. ஒருநாள் தரையில் குப்புறப் படுத்து பஸ் வரைந்துகொண்டிருந்தாள். நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருந்தன. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கூட வெளியே தெரிந்தது. அழுத்தி வரைந்ததில் நீல க்ரேயான் இரண்டாக உடைந்தது. அழுவாள் என்று நினைத்தேன். இரண்டு துண்டுகளையும் இரண்டு கையில் எடுத்து ஒரே நேரத்தில் மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்தாள். பிறகுதான் சொன்னாள், "மழை வந்துடுச்சு." மழை அவள் மனதில் முதலில் இல்லை. க்ரேயான் உடைந்தது, கை ஓடியது, மழை வந்தது.

இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: புனைதல். கற்பனைக்குத் தனித்தமிழ்ச் சொல்லாகப் 'புனைவு' என்பார்கள். சரிதான். ஆனால் கதை, நாவல் என்ற அளவில் இன்று அது சுருங்கிவிட்டது. பழைய தமிழில் மாலை தொடுப்பது புனைதல், அணி பூட்டுவது புனைதல், ஓவியம் தீட்டுவது புனைதல், பாட்டுக் கட்டுவதும் புனைதல். அத்தனையும் ஏதோ ஒன்றை எடுத்து இன்னொன்றோடு சேர்க்கும் வேலை. மாலை தொடுப்பவர் பூவைக் கையில் எடுத்த பிறகுதான் எந்தப் பூ பக்கத்தில் எது என்று முடிவாகும். எனக்கு இந்தச் சொல்மீது இருக்கும் பிரியத்துக்குக் காரணம் இதுதான். இமேஜினேஷன் கண்ணைச் சுற்றி வளர்ந்த சொல், புனைவு கையைச் சுற்றி வளர்ந்தது.

நெடுநல்வாடையில் நக்கீரர், கணவனைப் பிரிந்து அணிகளைக் களைந்திருக்கும் அரசியை 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறார். வண்ணம் தீட்டாமல் வெறும் கோடாக நிற்கும் ஓவியம். கோட்டோவியத்துக்கு இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஸ்கெட்ச் என்று எழுதுகிறோம். ஓவியர்கள் இதை மீட்டெடுத்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

குழந்தைகளின் புனைதலையும் சங்கப் புலவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். தச்சன் செய்துகொடுத்த சின்னக் குதிரைத் தேர் ஒன்று குறுந்தொகை 61-ஆம் பாட்டில் வருகிறது. அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் பிள்ளைகள் "கையின் ஈர்த்து இன்புறூஉம்" என்கிறது பாட்டு. கையால் இழுத்தே இன்பம் அடைகிறார்கள். தோழி தன் தலைவியின் காதல் நிலையைச் சொல்ல எடுத்த உவமைதான் இது. ஆனால் அந்த உவமைக்குள் ஒரு கலைக் கொள்கையே இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்: தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்திலிருந்து வரும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. 'வராதே' என்று கைகாட்டித் தடுப்பதுபோல அசைந்தன என்கிறார் இளங்கோ. அதே கொடியை ஒரு குழந்தை பார்த்தால் "டாட்டா காட்டுது" என்று சொல்லும். நிலா கூடவே வருகிறது என்று சொல்லும். அணியின் பெயர் தெரியாவிட்டாலும் செய்வது அதே காரியம்தான். அதைக் கேட்டு "எல்லாம் உன் கற்பனை" என்று நாம் தள்ளிவிடும்போது, அந்தச் சொல்லையே திட்டுச் சொல்லாக்கிவிடுகிறோம்.

சரி, 'சின்ன வயசு' என்பதற்கு என்ன சொல்? குழந்தைத்தனம் என்று எழுதுகிறார்கள். தமிழில் 'தனம்' பெரும்பாலும் குறையைச் சுமந்து வரும்: கஞ்சத்தனம், முட்டாள்தனம், சிறுபிள்ளைத்தனம். 'மை' குணத்தை மட்டும் சொல்லும். எனவே கலைஞர் காக்க விரும்புவது குழந்தைமை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் க்ளே, 1902-இல் பெற்றோர் வீட்டில் தன் சிறுவயது ஓவியங்களைக் கண்டெடுத்தார். அதுவரை தான் செய்ததில் அவையே முக்கியமானவை என்று நினைத்தார். பின்னால், 1911-இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது அவற்றில் சிலவற்றையும் சேர்த்தார். சிறுபிள்ளைத்தனம் என்று பார்த்திருந்தால் சேர்த்திருக்க மாட்டார்.

கற்பனை என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். "கற்பனைகூடப் பண்ண முடியலை" என்று பேசும் வாய்க்கு வேறு சொல் கொடுக்க முடியாது, தேவையும் இல்லை. கலையைப் பற்றி எழுதும்போது மட்டும், மனதின் ஆற்றலைச் சொல்ல 'புனைதிறன்', செய்யும் வேலையைச் சொல்ல 'புனைதல்' என்று எழுதிப் பாருங்கள். 'என் கற்பனை' என்று தொடங்கும் வாக்கியம் 'நான் புனைகிறேன்' என்று மாறும்போது பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிவிடுகிறது. மனதில் படம் தெரியாத நாளிலும் அந்த வினையைச் செய்யலாம்.

அன்று பஸ் படம் முடிந்ததும் தங்கை மகள் தன் பெயரை எழுதித் தரச் சொன்னாள். 'வரைந்தவர்' என்று எழுதப் போனவன் நிறுத்தி, 'புனைந்தவர்' என்று எழுதி அவள் பெயரைப் போட்டேன்.

"அப்படின்னா?" என்றாள்.

"நீயே செஞ்சதுன்னு அர்த்தம்."

"மழையும் நான்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, மீதி இருந்த நீலத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினாள்.