மணப்பெண் அறைக்கு ரோப் வாங்கும் முன்

ஆறு மணிக்கு முகூர்த்தம் என்றால் எனக்கு இரண்டரைக்கே அலாரம் அடித்துவிடும். போன தை மாதம் வடபழனிப் பக்கம் ஒரு மண்டபம். மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணப்பெண் அறைக்குள் போனால், ஏழு பெண்கள் ஒரே மாதிரி ரோஸ் கலர் ரோப்பில் (மேக்கப் முடியும் வரை போட்டுக்கொள்கிற, முன்பக்கம் மூடி பெல்ட் கட்டும் அங்கி) நிற்கிறார்கள். முதுகில் தங்க நிற ஸ்டிக்கர் எழுத்தில் 'மணப்பெண்', 'தங்கை', 'தோழி' என்று அச்சடித்திருந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, எல்லாருக்கும் ஒரே மாதிரி நைட்டி எடுத்திருக்காங்களே, இது மேலதான் புடவை கட்டணுமா?" என்று கேட்டார். அறையே சிரித்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மணப்பெண்ணின் அத்தை மகள் தன் கர்லிங் டாங்கை முழுச் சூட்டில் வைத்து முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் டாங்கை மடியில் வைத்துவிட்டாள். ஓரிரு நொடிதான் இருக்கும். துணி சுருண்டு ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. விளிம்பில் உருகியது தொடையோடு ஒட்டிக்கொண்டது. யாரோ டூத் பேஸ்ட்டோடு ஓடி வந்தார்கள். நான் தடுத்து, பாத்ரூம் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண்மேல் ஓடவிட்டேன். ஒட்டியிருந்த துணியைப் பிய்க்கவே கூடாது, அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கல்யாண வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

பதினான்கு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ரோப் பழக்கம் நம் ஊருக்குப் புதிது. சாந்தோம், பெரம்பூர்ப் பக்கம் சர்ச் கல்யாணங்களில் தோழிப் பெண்கள் முன்பிருந்தே உண்டு. இப்போது எல்லா வீட்டிலும் அக்கா, தங்கை, கல்லூரித் தோழிகள் எல்லாரும் ஒரே கலரில் வந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் குறை இல்லை, சொல்லப்போனால் வசதிதான். ஆனால் எல்லாரும் போட்டோவை நினைத்து வாங்குகிறார்கள். போட்டோ எடுப்பது பத்து நிமிடம். அதைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்காருவது மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் ரோப் எடுக்க வேண்டும்.

முதலில் துணி. கடையில் 'சாட்டின்' என்பார்கள். சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் இல்லை. பட்டிலும் சாட்டின் உண்டு, பருத்தியிலும் உண்டு. மலிவாக, பளபளவென்று கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். அது 230 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகி ஒட்ட ஆரம்பிக்கும், 250ஐத் தாண்டினால் உருகிவிடும். வீட்டுக்கு வாங்குகிற டாங், ஸ்ட்ரெயிட்னர் பலவற்றில் 230 வரை சூடு வைக்கலாம். கணக்கு உங்களுக்கே புரியும். பருத்தி தீப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே பிடிக்கும். ஆனால் உருகித் தோலில் ஒட்டாது.

கடைக்காரர் 'ப்யூர் காட்டன்மா' என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் மிளகு மாதிரி கெட்டியாக நிற்கும். பட்டு எரிந்தால் முடி கருகிய வாசனை வரும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என்றால் சாம்பலுக்குள் கெட்டியாக நெருடும்.

இன்னொரு காரணம் நம் ஊர் வியர்வை. மண்டபத்து மணப்பெண் அறையில் ஏசி இருக்கும். ஆனால் உள்ளே பதினைந்து பேர், இரண்டு டாங், போட்டோகிராபரின் லைட். வைகாசியில் அந்த ஏசி என்ன செய்யும் சொல்லுங்கள். பாலியஸ்டருக்குள் முதுகு வேர்க்க ஆரம்பித்தால் கழுத்து மேக்கப்தான் முதலில் வழியும். மெல்லிய காட்டனோ, மோடல் என்கிற மென்மையான ரேயான் வகையோ, நல்ல ரேயானோ போதும். பளபளப்பு கொஞ்சம் குறையும். போட்டோவில் அது பெரிதாகத் தெரியாது, ஃப்ளாஷ் வெளிச்சத்தில் துணி வெளுத்துத் தெரிவதும் குறையும்.

ஹேர் ஸ்ப்ரே பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஆல்கஹாலும் எரியும் வாயுவும் இருக்கிறது. நம் மணப்பெண் அறையிலோ ஒரு மூலையில் விளக்கு எரியும், ஊதுவத்தி புகையும், நடுவில் யாராவது ஆரத்தித் தட்டில் கற்பூரத்தோடு வருவார்கள். நான் ஸ்ப்ரே எடுக்கும் முன் விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்வேன். சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. ரோப்பின் கை யானைக் காது மாதிரி தொங்கினால் ஆபத்து இரட்டிப்பு. முக்கால் கை போதும், அதுவும் முழங்கைக்கு மேல் ஏற்றிவிட முடிகிற மாதிரி இருக்க வேண்டும். மெஹந்தி முழங்கை வரை போகிற காலம் இது.

அளவுக்கு வருவோம். 'ஃப்ரீ சைஸ்' என்று ஒன்று கிடையவே கிடையாது. கல்லூரித் தோழிக்குத் தொளதொளவென்று இருப்பது பெரியம்மா பெண்ணுக்கு முன்பக்கம் மூடாது. ஒவ்வொருவரிடமும் மார்பு, இடுப்பு அளவு கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் ஒரு பக்கத் துணி இன்னொன்றின் மேல் குறைந்தது எட்டு அங்குலம் ஏற வேண்டும். வெளியே பெல்ட் மட்டும் போதாது, உள்ளே ஒரு நாடா கட்டாயம். உட்கார்ந்து எழுந்தால் ரோப் நழுவும், அதே அறைக்குள் கேமரா வைத்துக்கொண்டு இரண்டு பேர் சுற்றுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ரீல்ஸில் எது போகலாம், எது போகக்கூடாது என்று முந்தின நாளே போட்டோகிராபரிடம் சொல்லிவிடுவது நல்லது. தைத்து வாங்குவதானால் முழங்காலுக்குக் கீழ் வரைக்கும் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் பிடிக்கும். மொத்தத் துணிக்கடைகள் இருக்கிற சென்னை கோடவுன் தெருவில் ஒரே தானில் (துணிச் சுருளில்) எல்லாருக்கும் சேர்த்து வெட்டி வாங்கினால் கலர் மாறாது. தி.நகரில் இரண்டு தடவையாக வாங்கி, இரண்டு ரோஸ் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற கல்யாணத்தையும் பார்த்தவள் நான்.

இனி பெயர். தங்க ஸ்டிக்கர் எழுத்து சூட்டில் அழுத்தி ஒட்டுவது. நாற்காலியில் சாய்ந்து வியர்த்து, ஒரு துவையலும் ஆனால் சிலதில் உரிய ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி நிற்கும், ஆனால் மெல்லிய துணியில் சுருக்கம் இழுக்கும். பின்னால் ஒட்டுகிற தாள் முதுகில் குத்தும். அதனால் முதுகு முழுக்க வேண்டாம், இடது மார்புப் பக்கம் சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.

தமிழில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்னிடம் வந்த ஒரு பெண் 'தோழி' என்று ஆறு ரோப்புக்கு வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பினாள். கடையின் மென்பொருளில் தமிழ் சரியாக ஏறவில்லை. இரட்டைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் அனாதையாக ஒரு த. ஆறும் அப்படியே தைத்து வந்தது. எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். தைக்கும் முன் ஒரு துண்டுத் துணியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரொம்பச் சின்னதாகப் போட்டால் ழகரத்தின் சுழி நூலில் அடைந்துவிடும், புள்ளி காணாமல் போகும். ஆங்கிலத்தில் போட்டாலும் நியூமராலஜிக்காகச் சேர்த்த எழுத்தை மறக்காதீர்கள். ஒரு 'ஏ' குறைந்ததற்காக அழுத மணப்பெண் உண்டு!

அடர் சிவப்பு, மெரூன் எடுத்தால் ஈர வெள்ளைத் துணியால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். சாயம் போனால் உள்ளே போட்டிருக்கும் ஜாக்கெட்டுக்குத்தான் கேடு. நனைத்துக் காயவைத்த பிறகே கொடுங்கள். ஆர்டரை முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள், தையில் எம்ப்ராய்டரிக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடித் தள்ளுபடியிலேயே துணி எடுத்துவிடலாம்.

எண்ணிக்கையைக் கூட்டும்போது நாத்தனாரை விட்டுவிடாதீர்கள். பெண் வீட்டு ஏழு பேரும் ரோப்பில் நிற்க, அவர் மட்டும் பட்டுப்புடவையில் வாசலில் நின்ற ஒரு காலையை நான் மறக்கவில்லை. அந்தப் போட்டோ ஆல்பத்திலேயே ஏறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்புறம், பாக்கெட். எல்லா ரோப்பிலும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், ஆழமாக. மணப்பெண்ணின் தங்கை ரோப்பில் மட்டும் ஜிப் வைத்தது. நகைப் பெட்டிச் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். நாலரை மணிக்கு அதைத்தான் எல்லாரும் தேடுவார்கள்.