ஹீட் சிங்க் ஒட்டியாச்சு, பிறகும் ஏன் சுடுது?

காலையில் நன்றாக ஓடும் கேமரா மதியம் இரண்டு மணிக்குத் திணறும்; வெயில் தாழ்ந்ததும் தானாகச் சரியாகும். கோடை வந்தால் அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து எனக்கு வரும் புகார் பெரும்பாலும் இதுதான். "போர்டு போச்சு, புதுசு போட்டுருங்க" என்பார்கள். போர்டு போயிருக்காது. கேமராக்களை ஓட்டும் அந்தப் போர்டு, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி; அதன் சிப் 80 டிகிரி செல்சியஸை எட்டினால், கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

முதலில் அளந்து பாருங்கள். போர்டில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒரு கோப்பில் அந்தச் சூட்டை எழுதி வைக்கும்; 78000 என்று இருந்தால் 78 டிகிரி. உச்சிவேளையில், எல்லாக் கேமராவும் ஓடும்போது பார்க்க வேண்டும். மட்டமான சார்ஜராலும் வேகம் குறையும், அதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

"அண்ணாச்சி, ஒரு குட்டி ஃபேன் வச்சா போதாதா?" ஏசி போட்ட கடை என்றால் போதும். ஆலையில் தவிடும் உமித்தூசியும் இறக்கையில் அப்பி, ஒருநாள் ஃபேன் நின்றுவிடும். நின்றது யாருக்கும் தெரியாது. அதனால் அசையும் பாகமே இல்லாத, சிப்பின் மேல் ஒட்டும் அலுமினியத் துண்டான ஹீட் சிங்க்தான் என் தேர்வு.

ஆனால் அது சூட்டை அழிப்பதில்லை. சிப்பிடம் வாங்கிச் சுற்றியுள்ள காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வேலைப்பளு மாறாதவரை சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசமும் ஏறத்தாழ மாறாது. 30 டிகிரி அறையில் 62 காட்டும் போர்டு, 45 டிகிரி தகரக் கொட்டகையில் 77-க்குப் போய்விடும். அதையும் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைத்தால், பெட்டிக்குள் இருக்கும் காற்றே கொதிக்கும். அப்புறம் எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் ஒட்டி என்ன?

இப்படிப்பட்ட இடங்களுக்கு, உள்சுவரே சிப்பைத் தொடும்படி செய்த அலுமினியப் பெட்டி வாங்குங்கள். பெட்டி கையைச் சுடும். சுடட்டும், உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது. வைஃபை சிக்னல் கொஞ்சம் குறையும், லேன் கேபிள் போட்டுவிடுங்கள்.

சூட்டைக் கடத்துவதற்காகச் சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே வைக்கும் மெத்தை போன்ற தெர்மல் பேடில் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் உரித்து ஒட்டிய போர்டுகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். மறுபக்கத் தாள் நிறமில்லாமல் இருப்பதால் கண்ணுக்குப் படாது. நகத்தால் ஓரத்தைக் கீறிப் பாருங்கள், தனியே எழும்பி வரும்.

வெளிப்பக்கத் தகடுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி பெட்டியை மாட்டினால் சூடான காற்று தடையில்லாமல் மேலேறும். எந்தச் சுவரில் மாட்டுவது? மேற்கு வேண்டவே வேண்டாம். வடக்குச் சுவரில் வெயில் படாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெல்லைச் சீமையில் சித்திரை முதல் ஆடி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். அந்த மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்குச் சுவருக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாயும்போது இங்கே மழைக்காலம். அந்த வெயில் போர்டை ஒன்றும் செய்யாது.