கறுப்புக் காரும் காய்ந்த துணியும்

கடந்த மாதம் கோவையில் உள்ள என் பட்டறைக்கு நான்கு வயதான கறுப்பு செடான் ஒன்று வந்தது. உரிமையாளர் எவ்வளவு அக்கறையானவர் என்பது இருக்கைகளிலும் இன்ஜின் அறையிலும் தெரிந்தது. ஆனால் வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தியதும், பானெட் முழுவதும் சிலந்தி வலை படர்ந்ததைப் போல மெல்லிய வட்டக் கோடுகள் மின்னின. "தினமும் காலையில தொடைச்சுட்டுத்தாங்க இருக்கோம், ஒரு நாள்கூட விட்டதில்ல. அப்புறம் எப்படிங்க இவ்வளவு கீறல்?" என்று கேட்டார். அந்த ஒரே வாரத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது அது மூன்றாம் முறை. தினமும் துடைத்ததால்தான் அந்தக் கீறல்கள் விழுந்தன என்று சொன்னபோது, அவர் முகத்தில் தெரிந்த வருத்தம்தான் என்னை இதை எழுதவைத்தது.

இரவில் காரின் மேல் படியும் புழுதியைக் காய்ந்த துணியால் துடைக்கும்போது அது மறைந்துவிடுவதாகத் தோன்றுகிறது. புழுதி என்பது பெருமளவில் நுண்ணிய மணல். மணலில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் அதன் மதிப்பு 7. சமையலறைக் கத்தியின் எஃகைக் கீறக்கூடிய அந்தத் துகளுக்கு, பிசின் வகையைச் சேர்ந்த கார் பெயிண்டின் மேற்பூச்சு எம்மாத்திரம்? துணி மென்மையாக இருப்பதால் பயன் எதுவும் இல்லை, ஏனெனில் கீறுவது துணியல்ல, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கி இழுபடும் மணல். இறகுத் துடைப்பானும், மெழுகு தடவிய நூல் துடைப்பானும் செய்வது இதையேதான். இன்னொரு கொடுமை, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில், காலை எட்டு மணிக்குள் இருபது கார்களைத் துடைக்கும் வழக்கம். முதல் காரின் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறு பத்தாவது காரின் பானெட்டுக்கு வந்துசேர்கிறது. இதற்கு அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாயும், தண்ணீர் பிடிக்க ஒரே ஒரு குழாயும் கொடுத்துவிட்டு, தினமும் துடைத்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடுபவர்கள் நாம்தான்.

இந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. அவை எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வட்டமாக அமைந்த கோடுகள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகின்றன. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் உண்டு, பின்னணியின் வெளிச்சத்தில் கரைந்து மறைந்திருக்கும், அவ்வளவுதான். கறுப்பு, அடர்நீலம், அடர்பச்சை வாங்குபவர்கள் இதை வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இனி, எனக்கு மிகுந்த சலிப்பைத் தரும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். நாம் எல்லோரும் "பாலிஷ் போடுவது" என்று சொல்கிறோம். அந்தப் "போடு" என்ற சொல்லே பிழையான ஒரு படத்தை மனத்தில் பதித்துவிடுகிறது. காலணிக்குப் பாலிஷ் போடும்போது உண்மையிலேயே மெழுகை மேலே பூசுகிறோம். எத்தனை முறை பூசினாலும் தோலுக்கு நட்டம் இல்லை. ஆகவே காருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் அவ்வளவுக்கு நல்லது என்று மக்கள் நம்புகிறார்கள். காரில் நடப்பது இதற்கு நேர்மாறானது. வீட்டில் மொசைக் தரை போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள்: தரையை மெருகேற்ற இயந்திரம் வந்தபோது வீடெங்கும் ஓடிய வெண்சேறு எங்கிருந்து வந்தது? அது தேய்க்கப்பட்ட அந்தத் தரையேதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது துணியில் ஒட்டும் கறுப்பும் விளக்கிலிருந்து வந்ததுதான். காரில் கீறலை நீக்குவதும் அப்படியே. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை இல்லாமல் செய்ய ஒரே வழி, அதைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிவரை சீவித் தரைமட்டமாக்குவது. மேற்பரப்பு சமதளமாகும்போது ஒளி சிதறாமல் நேராகத் திரும்புகிறது. அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். ஒவ்வொரு முறை கீறலை நீக்கும்போதும் உங்கள் காரின் பெயிண்டில் ஒரு பகுதி போய்விடுகிறது, அது திரும்ப வளர்வதில்லை.

போவதற்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயிண்ட், அடித்தகட்டிலிருந்து எல்லா அடுக்குகளும் சேர்ந்து, பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாம் அச்சிடும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அதில் நிறத்துக்கு மேலே இருக்கும் க்ளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு 35 முதல் 50 மைக்ரான், அதாவது தடிமனில் அரைத் தாள். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த அரைத் தாள்தான். பரவலான கீறலை நீக்கும் கடுமையான ஒரு சுற்று அதிலிருந்து சில மைக்ரான்களை எடுத்துவிடும்.

என்னிடம் வந்த காரின் கூரையில் தடிமன் அளக்கும் மீட்டரை வைத்தபோது 118 மைக்ரான் காட்டியது. பானெட்டின் நடுவில் 96. பானெட்டின் முன் விளிம்பில் 71. இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வெவ்வேறு இடங்களில், அந்தக் காருக்கு "ரப்பிங் பாலிஷ்" செய்திருக்கிறார்கள். ஒருவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சாதாரண மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், அதில் க்ளியர் கோட் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையே செய்யாது. மறுபெயிண்ட் அடித்த பகுதியில் 200-க்கு மேல் காட்டும், அடியில் பட்டி பார்த்திருந்தால் அதற்கும் பன்மடங்கு மேலே போகும். ஆகவே எண் அதிகமாக இருக்கிறது என்று மகிழ்வதற்கும் இல்லை. விளிம்புகளிலும் உடல் மடிப்புகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். ஒரே அச்சில் வேகமாகச் சுழன்று தேய்க்கும் ரோட்டரி இயந்திரம் முதலில் தின்பது அந்த இடங்களைத்தான். தேய்க்கும் பேடில் வெண்மையான கசடு வரும்வரை க்ளியர் கோட் இருக்கிறது என்று பொருள். கறுப்புக் காரில் பேட் கறுக்கத் தொடங்கினால் க்ளியர் கோட் தீர்ந்து நிறத்தைத் தொட்டுவிட்டீர்கள். அதன் பிறகு எந்த மருந்தும் கிடையாது, அந்தப் பகுதிக்கு மறுபடியும் பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. இந்தக் காரின் முன் விளிம்பில் விரலகலத்துக்கு அது நடந்தேவிட்டிருந்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வாட்டர் வாஷோடு சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குச் செய்யப்படும் பாலிஷில் பெரும்பாலும் கீறல் நீங்குவதே இல்லை. அந்தக் க்ரீமில் உள்ள எண்ணெயும் நிரப்புப் பொருளும் பள்ளங்களை மூடிக்கொள்வதால் அன்று மாலை கார் கண்ணாடிபோல் மின்னும். நாலைந்து முறை கழுவியதும் எல்லாக் கோடுகளும் எழுந்துவரும். உடனே அடுத்த பாலிஷ். கம்பளிப் பேடால் வேகமாகத் தேய்த்து அப்படியே விட்டுவிடும் இடங்களில் பழைய கீறலோடு, வெயிலில் அலையலையாக நகரும் புதிய நிழல்களும் சேர்ந்துகொள்கின்றன. வேலை உண்மையா என்று அறிய எளிய வழி உண்டு: ஒரு பகுதியைத் தேய்த்து முடித்ததும், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அந்த எண்ணெயைத் துடைத்தெடுத்து, விளக்கொளியில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

முறையாகச் செய்யும் வேலை மெதுவானது. முதலில் நன்றாகக் கழுவி, பிரேக் தேய்மானத்திலிருந்து பறந்து பெயிண்டில் பதிந்த இரும்புத் துகள்களை அதற்கான திரவத்தால் கரைத்து (அது இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும்), எஞ்சிய சொரசொரப்பை வழுவழுப்புத் திரவம் தெளித்து, இதற்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (க்ளே பார்) எடுத்த பிறகே இயந்திரத்தைத் தொடவேண்டும். ரப்பர் ஓரங்களையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, ஓரடி சதுரத்தில் ஒரு சோதனை செய்வோம்: மிக மென்மையான ஃபோம் பேடும் மிக மென்மையான பாலிஷும் முதலில், அதில் போதிய பலன் கிடைத்தால் அதற்கு மேல் போகக்கூடாது. போதவில்லை என்றால்தான் ஒரு படி கடுமை. கறுப்புக் காரில் கடுமையான சுற்று முடிந்ததும் இறுதி மெருகு கட்டாயம், ஏனெனில் கடும் பாலிஷ் விட்டுச்செல்லும் மங்கல் வெளிர் நிறங்களில் அவ்வளவாகத் தெரியாது, கறுப்பில் தெரிந்துவிடும். சுழற்சியோடு அதிர்வும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தையே நான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். ரோட்டரி தெரிந்த கைகளுக்கு மட்டும் உரியது. நூற்றுக்கு நூறு கீறலையும் எடுத்துத் தருவேன் என்று வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் பெரும்பாலும் முழுமையாக எடுக்கக்கூடியது அல்ல. அதைத் துரத்திக்கொண்டு போனால் க்ளியர் கோட்தான் போகும். ஆழமான பத்துக் கோடுகளை விட்டுவைத்து, பெயிண்டைக் காப்பாற்றுவதையே நான் நல்ல வேலை என்பேன்.

பெயிண்டின் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் செராமிக் கோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் காணும் "9எச்" என்பது பென்சில்முனையைக் கொண்டு செய்யப்படும் கடினச் சோதனையின் அளவு. அதை மோ அளவுகோலின் 9 என்று எண்ணி, வைரத்துக்கு அடுத்த கடினம் கிடைத்துவிட்டதாக நம்புகிறார்கள். சில மைக்ரான்கூட எட்டாத அந்தப் படலம் தண்ணீரை உருட்டிவிடும், அழுக்கை எளிதில் கழுவவிடும், அது உண்மை. மணலோடு துணியை இழுத்தால் அந்தப் படலத்திலும் கீறல் விழும். கீறலின் மேலேயே கோட்டிங் பூசினால், பிறகு கீறலை எடுக்கக் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்கவேண்டும். கீறலையும் கல் தெறிப்பையும் தாங்கவேண்டும் என்றால் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம்; செலவு பெரிது.

செலவில்லாதது, கழுவும் முறையை மாற்றுவது. காய்ந்த காரைத் துணியால் தொடாதீர்கள். புழுதி படிந்திருந்தால் படிந்திருக்கட்டும். உட்கார்ந்திருக்கும் புழுதி பெயிண்டைக் கெடுப்பதில்லை, இழுக்கும் கைதான் கெடுக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை போதும். பானெட் ஆறியபின், நிழலில், முதலில் வெறும் தண்ணீரைப் பாய்ச்சி மணலை இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்புவில் நனையுங்கள். கூரையிலிருந்து கீழாக வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி. துணி சோப்புத் தூள் வேண்டவே வேண்டாம், கரையாத மணிகள் இருக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைப்பதை எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை வெயிலில் உலரவிட்டால் வெண்புள்ளிகள் படிந்து பெயிண்டை அரிக்கும், ஆகவே உடனே தடித்த டவலை விரித்து ஒற்றி எடுங்கள். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் தூக்குங்கள். புழுதி படிந்த காருக்கு கவர் போடாதீர்கள். காற்றில் அது அசையும்போதெல்லாம் உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எனக்கு வரும் கார்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. சந்தனமும் குங்குமமும் வையுங்கள், நம் வழக்கம் அது. நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வைத்தால் சிக்கலே இல்லை. பானெட்டில் வைத்துவிட்டால், காய்ந்த சந்தனத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்க்காமல், தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மாலையைக் கட்டிக்கொண்டே நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். அந்த நாரும் கம்பியும் காற்றில் அடித்து விட்ட தடங்களை இந்த ஆண்டும் இரண்டு கார்களில் பார்த்தேன்.

அந்தக் கறுப்பு செடானுக்கு ஐந்தாவது ரப்பிங் செய்ய நான் மறுத்துவிட்டேன். பானெட்டுக்கு மென்மையான இறுதி மெருகு ஒன்று மட்டும் கொடுத்து, மற்றப் பகுதிகளில் மீட்டர் அனுமதித்த அளவுக்குக் கீறலைக் குறைத்து, மேலே சீலண்ட் என்ற பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பூசித் தந்தேன். முன் விளிம்பு தேய்ந்த பானெட்டை மட்டும் தனியே பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உரிமையாளர் காரை எடுக்க வந்தபோது, தினமும் துடைத்துத் தரும் அண்ணனையும் உடன் அழைத்து வந்திருந்தார். மூன்று கையுறைகளும் இரண்டு வாளிகளும் கொடுத்து, அந்த அண்ணன் கையாலேயே ஒரு கதவைக் கழுவச் செய்து காட்டினோம். இனி வாரத்துக்கு ஒரு நாள்தான் வேலை, சம்பளம் அதேதான் என்று உரிமையாளர் அவரிடம் சொன்னார். நான் அந்த அண்ணனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: தரையில் விழுந்த துணியை, எவ்வளவு உதறினாலும், மறுபடியும் காரின் மேல் வைக்கவேண்டாம்.