மணிக்கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? பிஸ்டன் விமானமும் டர்போபிராப்பும்

சொந்தமாகச் சிறிய விமானம் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, “ஒரு மணி நேரம் பறக்க எவ்வளவு ஆகும்?” என்றுதான். கார் எஞ்சினைப் போல சிலிண்டருக்குள் எரிபொருளை வெடிக்கவைத்து ஓடும் பிஸ்டன் விமானத்தையும், டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப்பையும் ஒப்பிட இந்தக் கேள்வி போதாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வீரோ பீச் நகரில் இருக்கும் பைப்பர் நிறுவனத்தின் எம்350, எம்500 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் பிஏ-46 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு இருக்கை விமானங்கள். பெரிய வித்தியாசம் எஞ்சின்தான். எம்350-இல் டர்போசார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) வைத்த லைகமிங் நிறுவனத்தின் பிஸ்டன் எஞ்சின், 350 குதிரைத்திறன். எம்500-இல் பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 டர்பைன், 500 குதிரைத்திறன்.

எம்350 மணிக்குச் சுமார் 75 லிட்டர் எரிக்கும். எம்500 சுமார் 140 லிட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் முதலாவது மணிக்கு 370 கி.மீ. போகிறது என்றால் இரண்டாவது 470 கி.மீ. போகிறது. 1,000 கி.மீ. பயணத்துக்கு முறையே 200 லிட்டர், 300 லிட்டர். இரண்டு மடங்கு ஒன்றரை மடங்காகக் குறைந்துவிட்டது.

சரி, அந்த ஒன்றரை மடங்கு ஏன்? பிஸ்டன் எஞ்சினில் எரிபொருள் விட்டுவிட்டு எரிகிறது. வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் அது நொடியில் மிகச் சிறு பகுதிதான். அடுத்த வெடிப்புக்குள் சிலிண்டர் ஓரளவு ஆறிவிடும். டர்பைனில் தீ அணைவதே இல்லை. அதன் விசிறி போன்ற இதழ்கள் இடைவிடாமல் சூட்டில் சுழல்வதால், உலோகம் தாங்கும் அளவுக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். வெப்பம் குறைந்தால் திறனும் குறையும். எஞ்சின் சிறியதாக இருந்தால் இதழ் நுனிக்கும் உறைக்கும் நடுவில் கசியும் காற்றின் பங்கும் கூடுகிறது. அதனால் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற, பிஸ்டனுக்கு ஏறத்தாழ 200 கிராம் எரிபொருள் போதும். இந்த அளவு டர்பைனுக்கு 270 கிராம் வேண்டும்.

அடுத்தது ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது. லைகமிங்குக்கு 2,000 மணி நேரம் ஓடியதும், பிடி6-க்கு 3,600 மணி நேரம் ஓடியதும் அதைச் செய்ய வேண்டும். பிடி6-ஐ ஓவர்ஹால் செய்வது பல மடங்கு விலை. நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், அது 3,600 மணி நேரத்தில் கடக்கும் தூரம் சுமார் 17 லட்சம் கி.மீ.; பிஸ்டன் 2,000 மணி நேரத்தில் கடப்பது 7.4 லட்சம் கி.மீ. ஒரு கிலோமீட்டருக்குப் பார்த்தால் நான்கு மடங்கு இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று, காலண்டர். மணி நேரம் நிறையாவிட்டாலும் 12 ஆண்டில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது லைகமிங். ஆண்டுக்கு 100 மணி நேரம் பறப்பவருக்கு அதற்குள் 1,200 மணி நேரம்தான் ஆகியிருக்கும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு இது கட்டாயமில்லை. ஆனால் விமானத்தை விற்கும்போது வாங்குபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். அதே நபரிடம் டர்போபிராப் இருந்தால் 3,600 மணி நேரத்தைத் தொட 36 ஆண்டு ஆகும். ஆனால் விமானத்தின் விலை, இன்சூரன்ஸ், ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை எல்லாம் அந்த 100 மணி நேரத்தின் தலையில்தான் விழும். டர்போபிராப் விலை கூடியது என்பதால் அங்கே அடி பலம்.

பயண தூரமும் முக்கியம். டர்பைன் சிக்கனமாக ஓடுவது உயரத்தில்தான். எம்500 30,000 அடி வரை ஏறும். 200 கி.மீ. பயணத்தில் அந்த உயரத்துக்கு ஏறிப் பலனில்லை. தாழ்வாகவே பறந்து எரிபொருளைக் குடித்துவிட்டு, சில நிமிடங்களை மட்டும் மிச்சப்படுத்தும். போதாக்குறைக்கு டர்பைனின் சில பாகங்களுக்கு ஆயுள், எத்தனை முறை இயக்கினோம் என்பதை வைத்தே கணக்கிடப்படுகிறது. குட்டிக் குட்டிப் பயணங்கள் அந்த ஆயுளை வேகமாகத் தின்னும்.

என் கணக்கில், ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்குள், அதுவும் பக்கத்து ஊர்களுக்கே பறப்பவருக்குப் பிஸ்டன்தான் சரி. நீண்ட தூரம் அடிக்கடி போகிறவருக்கு டர்போபிராப்பின் கூடுதல் செலவு நியாயமாகிவிடும். ஒரே விதிவிலக்கு, எரிபொருள். இந்தப் பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டிய, ஈயம் கலந்த ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைப்பதில்லை. இந்தியாவில் 2022-இல் இந்தியன் ஆயில் தயாரித்து வெளியிடும் வரை அதை இறக்குமதிதான் செய்துவந்தார்கள். டர்பைனுக்குப் பயணிகள் ஜெட் விமானங்கள் நிரப்பும் அதே எரிபொருள் போதும். போகிற ஊரில் ஏவ்கேஸ் இல்லையென்றால், மேலே போட்ட கணக்கு எதுவும் பிஸ்டனைக் காப்பாற்றாது.