தட்டைத் திருப்பினா பாட்டு எப்படித் திரும்புது?

தேனியில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல டிஜே பண்ணணும், வீட்ல முப்பதாயிரம் வரைக்கும் தர்றேன்னுட்டாங்க, கன்ட்ரோலர் வாங்குறதா மிக்ஸர் வாங்குறதா, சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்க மாமா வேற "மிக்ஸர்தான்டா ஒரிஜினல், மத்ததெல்லாம் பொம்மை"ன்றாரு, நீங்க என்னண்ணே சொல்றீங்கன்னு. மாமா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஆனா அந்தப் பொம்மைக்குள்ள ஒரு வித்தை இருக்கு, அதைப் பத்திப் பேச யாராவது சாக்கு குடுக்க மாட்டாங்களான்னுதான் நானும் ரொம்ப நாளா காத்திருந்தேன்.

முதல்ல வித்தியாசத்தை வேகமா பாத்துடுவோம். மிக்ஸருக்குள்ள நிஜமாவே பாட்டு ஓடும், அதாவது ரெண்டு ரெக்கார்ட் ப்ளேயரோ சிடி ப்ளேயரோ அனுப்புற சிக்னல் உள்ள வந்து, கூடி, குறைஞ்சு, ஸ்பீக்கருக்குப் போகும். ப்ளேயர் இல்லாம மிக்ஸர் மட்டும் வாங்கினா அது அரிசி இல்லாத வீட்டு கிரைண்டர் மாதிரி. கன்ட்ரோலர் அப்படி இல்ல, அது கம்ப்யூட்டர் கீபோர்டு மாதிரி. நீங்க திருப்புறது தள்ளுறது எல்லாத்தையும் நம்பரா மாத்தி யூஎஸ்பி வழியா லேப்டாப்புக்கு அனுப்பும், கலக்குற வேலை முழுக்க சாஃப்ட்வேரோடது. அதுக்கப்புறம் கலந்த பாட்டு திரும்பி கன்ட்ரோலருக்குள்ள இருக்க சவுண்ட் கார்டுக்கு வந்து வெளிய போகும். இந்த சவுண்ட் கார்டு இருக்கான்னு பாக்குறது முக்கியம், ஏன்னா கூட்டத்துக்கு ஒரு பாட்டு, உங்க ஹெட்போனுக்கு அடுத்து வரப்போற பாட்டுன்னு ரெண்டு ஸ்டீரியோ ஒரே நேரத்துல வெளிய வரணும், லேப்டாப்ல இருக்கறதோ ஒண்ணே ஒண்ணு. பயனியர் டிடிஜே-200ன்ற கன்ட்ரோலர்ல இது கிடையாது, ஒரு ஸ்ப்ளிட் கேபிள் குடுத்து லெஃப்டை ஸ்பீக்கருக்கும் ரைட்டை ஹெட்போனுக்கும் பிரிப்பாங்க, அப்ப கூட்டத்துக்குப் போறது மோனோ. வீட்ல கத்துக்க ஓகே, மேடைக்கு வேணாம். டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300, நியூமார்க் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸ் மூணுலயும் உள்ளயே இருக்கு.

இப்ப என் செல்லத்துக்கு வரேன், ஜாக் வீல். அதாங்க, ரெண்டு பக்கமும் இருக்க அந்த வட்டத் தட்டு.

சில வருஷம் முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைல பழைய கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஓட்டினா இடது தட்டு சரியா இருக்கு, வலது தட்டைச் சுத்தினா பாட்டு முன்னாடியும் போகல பின்னாடியும் போகல, நின்ன இடத்துலயே குளிர்ல நடுங்குற மாதிரி நடுங்குது. சுத்தறது அதுக்குத் தெரியுது, எந்தப் பக்கம்னுதான் தெரியல! ஒரு தட்டுக்கு எப்படிங்க பாதி மட்டும் மறந்து போகும்? அன்னைக்கு ராத்திரி ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்தவன்தான்.

தட்டுக்கு அடியில ஓரம் பூரா ஓட்டை ஓட்டையா ஒரு சக்கரம் இருந்துச்சு, அதோட ஒரு பக்கம் குட்டி எல்இடி, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைப் பாக்குற சென்சார். எல்லா மாடலும் இப்படித்தான்னு இல்ல, காந்தத்தை வெச்சும் பண்றாங்க, ஆனா தத்துவம் ஒண்ணுதான். சக்கரம் சுத்தினா வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. எத்தனை தடவை மாறுச்சுன்னு எண்ணினா எவ்ளோ சுத்துச்சுன்னு தெரிஞ்சுடும். ஆனா திசை?

தண்டவாளம் ஓரமா ஒரு சுவர், அதுல ஒரு சின்ன ஓட்டை, அது வழியா பாக்குறீங்கன்னு வைங்க. ரயில் போறப்ப பெட்டி, இடைவெளி, பெட்டி, இடைவெளின்னு மட்டும்தான் தெரியும், அது மதுரைக்குப் போகுதா சென்னைக்கு வருதான்னு சொல்லவே முடியாது. இப்ப கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டு உங்க தம்பியை நிக்க வைங்க. உங்களுக்கு முதல்ல பெட்டி தெரிஞ்சு அப்புறம் தம்பிக்குத் தெரிஞ்சா ஒரு திசை, தம்பி முந்திட்டா எதிர்த் திசை. அவ்ளோதான். ஜாக் வீலுக்குள்ளயும் ரெண்டு சென்சார், ஒரு ஓட்டையில இருந்து அடுத்த ஓட்டை வரைக்கும் உள்ள தூரத்துல சரியா கால் பங்கு தள்ளி உக்காந்திருக்கும். இதுல போனஸ் வேற, ஒரு ஓட்டை கடந்து போறதுக்குள்ள ரெண்டு சென்சாரும் சேர்ந்து 4 தடவை மாறும், அதனால 180 ஓட்டை இருந்தா ஒரு சுத்துக்கு 720 எண்ணிக்கை கிடைக்கும்.

என் தட்டுல ரெண்டுல ஒரு சென்சார் மேல தூசி. அண்ணன் மட்டும் பாக்குறான், தம்பி தூங்கிட்டான். கணக்கு போடுற சிப்புக்கு வெளிச்சம் வந்தா ஒரு அடி முன்னாடி, இருட்டு வந்தா ஒரு அடி பின்னாடின்னு மாறி மாறித் தெரியுது, கூட்டிக் கழிச்சா பூஜ்யம், பாட்டு நடுங்காம என்ன பண்ணும். ஊதினேன், சரியாயிடுச்சு. கடைக்காரர் மேல இருந்த கோவம்கூட அந்த சந்தோஷத்துல போயிடுச்சு.

மேல் தட்டு உலோகமா இருக்கறதுக்கும் காரணம் இருக்கு. ஃபோன் ஸ்கிரீன் மாதிரியே விரல் பட்டா அதோட மின்தேக்குத் திறன் மாறும், அதை வெச்சு "கை மேல இருக்கு, இது ஸ்க்ராட்ச்"னு, அதாவது தட்டை முன்னும் பின்னும் இழுத்து சத்தம் பண்றதுன்னு, புரிஞ்சுக்கும். ஓரத்தை மட்டும் தள்ளினா தொடல, அப்ப லேசா வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.

720 எண்ணிக்கைன்னா பெருசா தோணும், ஆனா ரெக்கார்டோட வேகமான 33⅓ ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 33⅓ சுத்துல, ஒரு சுத்து 1.8 செகண்ட், அதைப் பிரிச்சா ஒரு எண்ணிக்கைக்கு 2.5 மில்லிசெகண்ட், அதுக்குள்ள பாட்டுல 110 சாம்பிள், அதாவது டிஜிட்டல் சத்தத்தோட குட்டிக் குட்டித் துண்டு, ஓடிடும். அப்படியே விட்டா ஸ்க்ராட்ச் பண்றப்ப படிக்கட்டுல உருள்ற சத்தம்தான் வரும். நடுவுல இருக்கறதை சாஃப்ட்வேர் யூகிக்கணும். மிக்ஸ் (Mixxx)னு ஒரு இலவச டிஜே சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கன்ட்ரோலருக்கான ஸ்க்ரிப்ட் ஃபைலைத் திறந்து பாத்தா ஒரு சுத்துக்கு எத்தனை எண்ணிக்கை, ஆல்ஃபா எவ்ளோ, பீட்டா எவ்ளோன்னு எழுதியிருக்கும். ஆல்ஃபா பீட்டா ஃபில்டர்ன்றது ரேடார்ல விமானத்தைத் துரத்துற கணக்குங்க! விமானம் இப்ப இங்க இருக்கு, இந்த வேகத்துல போகுது, அப்ப அடுத்து எங்க இருக்கும்னு யூகிச்சு, அடுத்த புள்ளி வந்ததும் திருத்திக்கறது. அதே கணக்கு இங்க உங்க விரலைத் துரத்துது.

இந்த மிக்ஸ் 2001ல டென்மார்க்ல ஒருத்தரோட பிஎச்டி ஆராய்ச்சியோட சேர்ந்து பிறந்தது. நம்ம ஊர்ல ஒரு பையன் போய் "சார், டிஜே மெஷின் பத்தி ஆராய்ச்சி பண்றேன்"னு கேட்டா கைடு என்ன பதில் சொல்வாருன்னு யோசிச்சுப் பாருங்க. சமுதாயத்துக்கு என்ன பயன்னு கேட்டே பாதி ஆர்வத்தைக் கொன்னுடறோம், அப்புறம் சாஃப்ட்வேரை வெளிநாட்டுல இருந்து டவுன்லோட் பண்ணிக்கறோம். சரி, அது தனி வயித்தெரிச்சல்.

ரெண்டு சென்சார் கால் பங்கு தள்ளி நிக்கற யோசனை டிஜேக்கள் கைல வேற ஒரு வடிவத்துலயும் இருக்குன்றது இன்னும் அழகு. லேப்டாப்பை நிஜ ரெக்கார்ட் ப்ளேயர் வெச்சு ஓட்டறதுக்குன்னு செராட்டோன்ற டிஜே சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு வினைல் ரெக்கார்ட் விட்டாங்க, அதுல பாட்டே கிடையாது, முக்கியமா 1000 ஹெர்ட்ஸ்ல ஒரு பீப் சத்தம். லெஃப்ட் சேனல்ல ஒண்ணு, ரைட் சேனல்ல அதே பீப் கால் அலை தள்ளி. யார் முந்தறான்னு பாத்தே திசை தெரிஞ்சுடும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்காங்க.

இதனால தம்பி, கடைக்குப் போறப்ப பாக்கெட்ல ஒரு துண்டு செல்லோ டேப் எடுத்துட்டுப் போங்க. தட்டோட ஓரத்துல ஒட்டி, சாஃப்ட்வேர்ல 33⅓ செட்டிங் இருக்கான்னு பாத்து, பாட்டை நிறுத்தி வெச்சு, மேல் தட்டைத் தொட்டபடியே சரியா ஒரு சுத்து சுத்துங்க. பாட்டு 1.8 செகண்ட் நகர்ந்திருக்கணும். அப்புறம் ஒரு இருபது தடவை முன்னும் பின்னும் வேகமா இழுத்துட்டு டேப்பை ஆரம்பிச்ச இடத்துக்கே கொண்டு வாங்க, பாட்டும் ஆரம்பிச்ச இடத்துல நிக்கணும். நிக்கலைன்னா எங்கயோ எண்ணிக்கை தவறுது. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.

அடுத்து வேகம் மாத்துற ஸ்லைடர். 1983ல வந்த மிடி, அதாவது இசைக்கருவிகள் ஒண்ணோட ஒண்ணு நம்பர்ல பேசிக்கற மொழி, அதுல ஒரு சாதாரண நாபுக்கு 0 முதல் 127 வரைக்கும்தான் நம்பர். ஸ்லைடர் இதோட நின்னுட்டா ±8% ரேஞ்சுல ஒரு படிக்கு 0.126%, உங்களுக்கு வேணுங்கற வேகம் ரெண்டு படிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா ஒரே நிமிஷத்துல ரெண்டு பாட்டும் 38 மில்லிசெகண்ட் விலகி, தாளம் டப் டப்னு ரெட்டையா கேக்க ஆரம்பிச்சுடும். ரெண்டு நம்பரைச் சேர்த்து அனுப்பினா 16,384 படி, அந்தத் தொல்லையே இல்ல. ஸ்லைடரை மெதுவா நகத்தால தள்ளி ஸ்கிரீன்ல பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) தாவுதா வழுக்குதான்னு பாத்தா போதும்.

நீங்க தொடறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல இருக்க தாமதத்தைப் பத்தி நிறைய பயமுறுத்துவாங்க. பஃபர், அதாவது வெளிய விடறதுக்கு முன்னாடி சேத்து வெக்கிற சத்தம், 512 சாம்பிள்னா 11.6 மில்லிசெகண்ட், சத்தம் காத்துல 4 மீட்டர் நடக்கற நேரம், கத்துக்கறப்ப அது பிரச்சினையே இல்ல. ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேணவே வேணாம், அது நூறு இருநூறு மில்லிசெகண்ட் சர்வசாதாரணமா லேட்டாகும், 120 பிபிஎம்ல ஒரு பீட்டே 500தான். தங்க முலாம் பூசின யூஎஸ்பி கேபிள் போட்டா பேஸ், அதாவது கனமான அடி சத்தம், நல்லா இறங்கும்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க, வண்டில கட்டற எலுமிச்சம்பழமாவது அஞ்சு ரூபாதான். லேப்டாப் சார்ஜரைச் சொருகினதும் ஸ்பீக்கர்ல ஊஊன்னு இரைச்சல் வந்தா அது எர்த் பிரச்சினை, சார்ஜரைக் கழட்டிப் பாருங்க.

மாமா வீட்ல ரெண்டு ரெக்கார்ட் ப்ளேயர் தூங்குதுன்னா மிக்ஸர் வாங்குங்க, அதை விட சுகம் இல்ல. இல்லைன்னா கன்ட்ரோலர், பழசா இருந்தாலும் தப்பில்ல, செல்லோ டேப் பரீட்சைல பாஸானா போதும். கன்ட்ரோலர்ல அவுட்புட் பெரும்பாலும் ஆர்சிஏ, அதாவது சிவப்பு வெள்ளை சொருகு, மட்டும்தான் இருக்கும், மாமாவோட சிஸ்டத்துக்கு ஏத்த கேபிளை அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்குங்க, அதுல அவருக்கும் கொஞ்சம் கோவம் தணியும்.