எழுத்து அட்டையில் சிக்காத தூரப்பார்வை

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பள்ளிகளில் கண் பரிசோதனை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். தாழ்வாரத்தில் 6 மீட்டர் அளந்து கோடு போடுவார்கள். எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை. பிள்ளை ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிக்கும். சிறிய எழுத்து வரை படித்துவிட்டால் பெயருக்கு நேரே ‘சரி’. கிட்டப்பார்வை உள்ள பிள்ளை இதில் உடனே தெரிந்துவிடும். தூரப்பார்வை, அதாவது கிட்டத்தில் பார்க்கக் கண் கூடுதலாக உழைக்க வேண்டிய குறை, உள்ள பிள்ளையோ பெரும்பாலும் தேறிவிடும். மன்னார்குடி பஸ்ஸின் போர்டை வயலுக்கு அப்பாலிருந்தே படிக்கிற பையனுக்குக் கண்ணில் குறை என்றால் வீட்டில் யார் நம்புவார்கள்?

பிறக்கும்போது நம் விழி முன்பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம்தான். வளர்ந்தவருக்கு 24. அதனால் கைக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தூரப்பார்வை இருப்பது இயல்பு. விழி வளர வளர அது மறையும். சிலருக்கு விழி குட்டையாகவே நின்றுவிடுகிறது. 1 மில்லிமீட்டர் குறைந்தால் சுமார் 3 டயாப்டர் (வில்லையின் திறனை அளக்கும் அலகு) பவர் வரும். அப்போது ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவியப் பார்க்கும். பிள்ளையின் கண் அதை விடாது. உள்ளே சிலியரி என்ற வளையத் தசை சுருங்கும், கண்ணின் வில்லையைப் பிடித்திருக்கும் இழைகள் தளரும், வில்லை தடிக்கும், ஒளி சரியான இடத்தில் வந்து விழும். பத்து வயதில் இந்தத் தசையால் 10 டயாப்டருக்கு மேலேயே இழுக்க முடியும். ஆகவே 4 டயாப்டர் தூரப்பார்வை உள்ள பிள்ளை அட்டையைத் தெளிவாகப் படித்துவிடும்.

விலை கொடுப்பது புத்தகத்தைத் திறக்கும்போது. 33 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்துக்கு எந்தக் கண்ணுக்கும் 3 டயாப்டர் உழைப்பு வேண்டும். இந்தப் பிள்ளைக்கு 7. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நிற்பதுபோலத்தான்: இரண்டு நிமிடம் யாராலும் முடியும், ஒரு பாடவேளை முழுக்க நிற்பது வேறு. மதியத்துக்குமேல் நெற்றி வலிக்கும், வரி தாவும், கண்ணைக் கசக்கும், கடைசியில் புத்தகம் மூடப்படும். ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். இது என்னை மிகவும் வருத்துகிறது. 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடி போடாத நடுத்தரத் தூரப்பார்வை உள்ளவர்கள் தொடக்க எழுத்தறிவுச் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். சிலருக்கு இந்த இடைவிடாத இழுப்பால் கண் உள்நோக்கி மாறும். இரு கண்ணிலும் பவர் வேறுபட்டால், மங்கலான கண்ணை மூளையே ஒதுக்கிச் சோம்பேறிக் கண் ஆக்கிவிடும். அதை ஏழு வயதுக்குள் பிடித்தால் திருத்துவது எளிது. ஆகவே ஒன்றாம் வகுப்பிலேயே பார்க்க வேண்டும்.

எழுத்து அட்டையை 1862-இல் தந்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவர் ஸ்நெல்லன். அதே ஊரின் டான்டர்ஸ் 1864-இல் தூரப்பார்வையையும் வயதானால் வரும் வெள்ளெழுத்தையும் தெளிவாகப் பிரித்து விளக்கினார். அட்டை ஊரூராகப் போய்ச் சேர்ந்த அளவுக்கு அந்த விளக்கம் போய்ச் சேரவில்லை.

அட்டையோடு ஒன்றே ஒன்றைச் சேர்த்தால் போதும். வெள்ளெழுத்துக்குத் தாத்தா போடுகிற பிளஸ் 2 பவர் கண்ணாடியை மாட்டிவிட்டு, தூரத்து எழுத்தைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். சாதாரணக் கண்ணுக்கு மங்கும். இருக்கும் நிலைக்குக் கீழே தசையைத் தளர்த்த அதற்கு இடமில்லை. தூரப்பார்வைக் கண்ணில் தசை செய்த வேலையைக் கண்ணாடி வாங்கிக்கொள்வதால் எழுத்து அப்படியே தெரியும். இங்கே படித்துவிட்டால்தான் சந்தேகம். ஆனாலும் பழகிய தசை உடனே விட்டுக்கொடுக்காது, சிலர் தப்பிவிடுவார்கள். தலைவலி, மாறுகண் உள்ள பிள்ளையை அட்டை என்ன சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.

அங்கே சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு மருந்து விட்டுத் தசையை ஓய்வில் வைத்து, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினாஸ்கோப் கருவியால் உண்மைப் பவரைக் கணக்கிடுவார்கள். பிள்ளை எதையும் படிக்க வேண்டியதில்லை. அன்று முழுக்கக் கண் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். விடுமுறை நாளில் போனால் பள்ளி கெடாது. சம்பா நடவு மும்முரத்தில் ஒரு நாள் கூலியை விட்டு வா என்றால் பலரால் முடியாது. பள்ளிகள் இந்தத் தேதிகளை வேளாண்மைக் காலம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

லேசான பவருக்குக் கண்ணாடியே தேவைப்படாமல் போகலாம். போட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் தூரம் சற்று மங்கும். தசை இன்னும் பழைய இழுப்பிலேயே இருக்கும். “முன்னாடியே நல்லாத் தெரிஞ்சுதும்மா” என்று பிள்ளை கழற்றி வைப்பதும், அம்மா “அப்ப வேணாம் விடு” என்பதும் இந்தக் கட்டத்தில்தான். கண்ணாடி கொடுக்கும்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். விழி வளர்வதால் பவர் மாறும். ஆண்டுக்கொருமுறையாவது மறுபடி அளந்து கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும்.