அருவெல்லம்: சொல்லும் பொருளும்

ஆய்வுகூடங்களில் 'றெயர் சுகர்' (rare sugar) என்று ஆங்கிலத்திலேயே புழங்கும் சொல்லுக்கு நல்ல தமிழ் அருவெல்லம். இயற்கையில் மிகச் சொற்பமாகவே கிடைக்கும் ஒருசக்கரைட்டுகளும் (மேலும் சிறிய வெல்லமாகப் பகுக்க முடியாத எளிய வெல்லங்கள்) அவற்றைச் சற்று மாற்றிப் பெறும் பெறுதிகளும் இதில் அடங்கும். 'அருமண்' (rare earth) என்பதில் உள்ள அதே 'அரு'தான் இங்கும். கிடைத்தற்கரியது என்று பொருள்.

ஏன் வெல்லம்? திருகோணமலைக் கடையில் சீனி கேட்டால் வெள்ளைச் சீனியும், சர்க்கரை கேட்டால் பொங்கலுக்குப் போடும் பழுப்புச் சர்க்கரையும் தருவார்கள். சீனி சீனாவின் பெயரால் வந்த சொல். இரசாயனத்தில் அது சுக்குரோசு என்ற ஒரே சேர்வை. ஆகவே 'அருஞ்சீனி' பிழை. பருக்கைக் கல்லைக் குறித்த வடசொல் 'சர்க்கரா'. அதுவே நம்மிடம் சர்க்கரையாகவும், அரபியில் 'சுக்கர்', கிரேக்கத்தில் 'சாக்கரோன்' எனவும் ஆனது. கிரேக்கம் போன சொல் பாடநூல் வழியே 'சக்கரைட்டு' என்று நம்மிடமே திரும்பியிருக்கிறது. 'அரிய சர்க்கரை' என்று எழுதினால் குற்றமில்லை. ஆனால் 'தாழ்த்தும் வெல்லம்' (reducing sugar) என்று படித்துப் பழகிய நம் உயர்தர மாணவருக்கு அருவெல்லம் உடனே விளங்கும்.

தனிப்பெயர்களும் சுவையானவை. மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது சைலோசு. அதன் ஆங்கில முதலெழுத்துகளைத் (xyl) திருப்பிப் போட்டதே (lyx) லிக்சோசு. அலோசு என்றால் 'வேறானது'. சைக்கோசுக்கும் மனத்துக்கும் தொடர்பில்லை. சைக்கோபியூரானின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியிலிருந்து வந்த பெயர் அது. இன்று அலுலோசு என்கிறார்கள்: சீனியின் இனிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம், கிராமுக்கு 0.4 கிலோகலோரி மட்டுமே.

நோன்புக் காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காய்ச்சும் கடற்பாசியிலேயே ஓர் அருவெல்லம் இருக்கிறது. கடற்பாசியை உறைய வைக்கும் அகாரின் சங்கிலியில் டி-கலக்டோசும் 3,6-அன்ஐதரோ-எல்-கலக்டோசும் மாறிமாறி வரும். இரண்டாவதுதான் அந்த அருவெல்லம்; அதன் பிணைப்பு அமிலத்துக்கு எளிதில் அறும். தேசிக்காய்ச் சாற்றை விட்டுக் கொதிக்க வைத்த கடற்பாசி சரியாக உறையாததற்குக் காரணம் இதுதான். அடுப்பால் இறக்கிய பிறகே புளி சேர்க்க வேண்டும். ஆய்வுகூடத்திலும் இதே பிழை நேர்கிறது. அகாரை அமிலத்தில் நீர்ப்பகுத்தால் கலக்டோசு மிஞ்சும். அருவெல்லமோ ஐதரொட்சிமெதைல்பியூபியூராலாகச் சிதைந்துபோகும். கூறுகளைப் பிரித்துக் காட்டும் படத்தில் (chromatogram) அதைக் காணாதவர், அகாரில் அது இல்லவே இல்லை என்று எழுதிவிடுவார். அகாரேசு போன்ற நொதியங்களால் பகுத்தால் அது பிழைக்கும்.

சாதாரண டி-குளுக்கோசின் ஆடி விம்பமான எல்-குளுக்கோசு என்ற அருவெல்லம் கட்டுப்பாட்டுப் பரிசோதனைக்கு (control) உகந்தது. டி-குளுக்கோசு தரும் அதே பிரசாரண அமுக்கத்தையே தரும், ஆனால் கலத்தில் குளுக்கோசுப் பகுப்பைத் தொடக்கும் எக்சோகைனேசு நொதியம் அதற்குப் பொசுபேற்று ஏற்றாது. போத்தல் மாறிவிட்டதோ என்ற ஐயம் வந்தால் 100 மில்லிலீற்றரில் 90 மில்லிகிராம் கரையுங்கள். 5 மில்லிமோலர் கிடைக்கும். தாழ்த்தும் வெல்லத்தைக் காட்டும் பெனடிற்றுச் சோதனை இங்கே உதவாது, இரண்டுமே செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு தரும். குளுக்கோசு ஒட்சிடேசு பூசிய சோதனைத்தாள் டி-வடிவத்துக்கு மட்டுமே நிறம் மாறும்.

அதிகம் பயன்படும் பெறுதி 2-டிஒட்சி-டி-குளுக்கோசு. எக்சோகைனேசு இதைப் பொசுபேற்றாக்கும். இரண்டாம் காபனில் ஐதரொட்சில் இல்லாததால் அடுத்த நொதியம் அதைப் பிரக்றோசு வடிவத்துக்கு மாற்ற முடியாது, கிளைக்கோப்பகுப்பு (குளுக்கோசை உடைத்துச் சத்தி பெறும் வழி) தடைப்படும். 10 மில்லிமோலருக்கு 100 மில்லிலீற்றரில் 164 மில்லிகிராம். கலங்களில் விளைவே தெரியவில்லை என்றால் முதலில் வளர்ப்பூடகத்தைப் பாருங்கள். லீற்றருக்கு 4.5 கிராம், அதாவது 25 மில்லிமோலர் குளுக்கோசு இருந்தால் அதுவே போட்டியில் வென்றுவிடும். 5 மில்லிமோலர் ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். கலங்கள் இறந்தாலும் சத்திக் குறைவுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. இரண்டாம் காபனில் ஐதரொட்சில் போய்விட்டால் குளுக்கோசுக்கும், புரதங்களில் ஏறும் வெல்லச் சங்கிலியில் உள்ள மனோசுக்கும் வேறுபாடு இல்லை; எனவே இச்சேர்வை அச்சங்கிலி ஏறுவதையும் குழப்பும். 1 மில்லிமோலர் மனோசு சேர்த்ததும் கலங்கள் தேறினால், கோளாறு அந்தச் சங்கிலியில்தான்.